வசூல் பையும் உயிரும்: வழிப்பறி நேரத்தில் வணிகர் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

2011ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை இரவு. எங்கள் மொத்த மளிகைக் கடையில் அன்றைய சிட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். சுற்றுக் கிராமங்களுக்கு வசூலுக்குப் போன தம்பி இன்னும் வந்து சேரவில்லை. வழக்கமாக ஏழரை மணிக்கெல்லாம் வந்துவிடுவார். ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். இடது கையில் துண்டைச் சுற்றியிருந்தார். துண்டு முழுவதும் ரத்தம். வலது கையால் வசூல் பையை மார்போடு அணைத்திருந்தார். "அண்ணாச்சி, பணம் பத்திரமா இருக்கு. எண்ணிப் பாத்துக்கங்க" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

பையில் இருந்தது 46,000 ரூபாய். கையில் போட்டது 14 தையல். அவருடைய சுண்டு விரல் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பாராட்டினோம். "கத்தியைக் காட்டினப்பவே பையைக் குடுத்துட்டு வந்திருக்கலாமே தம்பி" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "போன வருஷம் வசூல்ல 1,500 ரூபாய் குறைஞ்சதுக்கு மூணு மாசம் சம்பளத்துல பிடிச்சீங்க அண்ணாச்சி. இதுக்கு எத்தனை வருஷம் பிடிப்பீங்களோன்னுதான் மனசுல ஓடுச்சு."

அந்தப் பதிலுக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. கத்தியை வீசியவன் எவனோ ஒருவன். ஆனால் கத்திக்கு முன்னால் பையை விடாமல் பிடிக்கும்படி செய்தது எங்கள் கடையின் வழக்கம். அன்று முதல் இந்த விஷயத்தைப் பற்றிக் காவல் துறை அலுவலர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் சக வணிகர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம். பையோடு நடமாடும் முதலாளிக்கும், முதலாளிக்காகப் பை சுமக்கும் ஊழியருக்கும் இது பொருந்தும்.

வழிப்பறி தற்செயலாக நடப்பதில்லை

பணத்தோடு போகும் வணிகரை மறிப்பவன் பெரும்பாலும் அன்றைக்குத்தான் அவரைப் பார்த்தவன் அல்லன். எந்தக் கிழமை வசூல், எத்தனை மணிக்கு ஷட்டர் இறங்குகிறது, கல்லாப் பணம் எந்தப் பையில் போகிறது, எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் நம் வழக்கத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளக் கூடியவை. ஒரே நேரம், ஒரே வழி, ஒரே பை என்று இருப்பவர் தம்மையறியாமலே திருடனுக்குக் கால அட்டவணை எழுதிக் கொடுக்கிறார்.

நம் பகுதிகளில் நடக்கும் பறிப்புகள் சில வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலாவது, கவனத்தைத் திருப்புவது. பாங்கிலிருந்து வெளியே வந்ததும் "ஐயா, உங்க பணம் கீழே விழுந்து கிடக்கு" என்று ஒருவன் சொல்வான். தரையில் சில பத்து ரூபாய்த் தாள்கள் கிடக்கும். குனிந்து எடுக்கும் நேரத்தில் வண்டியில் மாட்டிய பை போய்விடும். சட்டையின் முதுகில் அசிங்கத்தைத் தெளித்துவிட்டு, "கழுவிக்குங்க ஐயா" என்று தண்ணீரும் கொடுத்து உதவி செய்பவன் இதே கூட்டத்தைச் சேர்ந்தவன். வண்டி டயரில் காற்றை இறக்கிவிட்டுப் பின்னாலேயே வந்து "பஞ்சர்" என்று சொல்பவனும் அப்படியே.

இரண்டாவது, போலி அதிகாரி. மப்டியில் இருக்கும் போலீஸ் என்று இருவர் நிறுத்துவார்கள். "முன்னாடி ஒரு கொலை நடந்திருக்கு, சோதனை போடுறோம், நகையையும் பணத்தையும் கழற்றிப் பொட்டலமாகக் கட்டிக்குங்க" என்று அவர்களே காகிதமும் தருவார்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் உள்ளே கூழாங்கல் இருக்கும். பொருளை வழிப்போக்கர் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காக நடுத்தெருவில் பொட்டலம் கட்டித் தருவது எந்தக் காவலருடைய வேலையும் அன்று. "அடையாள அட்டையைக் காட்டுங்க, ஸ்டேஷனுக்கே வர்றேன்" என்று உரத்த குரலில் சொன்னால் போதும். உண்மையான காவலருக்கு அதில் வருத்தமில்லை. போலி ஆசாமி நழுவிவிடுவான்.

மூன்றாவது, ஓடும் வண்டியிலிருந்து பறிப்பது. நான்காவது, நாம் விற்கும் சரக்கையே நம் மேல் வீசுவது, அதாவது மிளகாய்ப் பொடியைக் கண்ணில் தூவிவிட்டுப் பையைப் பறிப்பது. ஐந்தாவது, கத்தி அல்லது அரிவாளைக் காட்டி நேருக்கு நேர் மறிப்பது.

முதல் இரண்டு வகைகளில் நம்முடைய ஆயுதம் சந்தேகம் மட்டுமே. பணம் கையில் இருக்கும்போது யார் என்ன சொன்னாலும் குனிவதில்லை, வண்டியை விட்டு இறங்குவதில்லை, பையைத் தோளை விட்டு இறக்குவதில்லை என்று ஒரு விதியை வைத்துக்கொண்டால் அவை பலிக்காது. மற்ற மூன்றில் உடம்புக்கு ஆபத்து உண்டு. அவற்றைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்தொடர்கிறார்கள் என்று தோன்றினால்

நம்மில் பலர் செய்யும் தவறு, சந்தேகம் தோன்றியதும் அவசரமாக வீட்டுக்கு ஓடுவது. இருட்டான சொந்தத் தெருவுக்குள் திரும்பி, கேட்டைத் திறக்க வண்டியை நிறுத்தும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் பின்னால் வருபவன் காத்திருக்கிறான். வீட்டைக் காட்டிக் கொடுத்தவர்களாகவும் ஆகிவிடுகிறோம்.

சந்தேகம் வந்தால் வெளிச்சத்தை நோக்கிப் போக வேண்டும். திறந்திருக்கும் மெடிக்கல் ஷாப், டீக்கடை, பெட்ரோல் பங்க், பஸ் நிலையம், காவல் நிலையம் என எது பக்கமோ அங்கே நுழைந்துவிட வேண்டும். சந்தேகம் பொய்யாகப் போனால் ஒரு டீ குடித்த செலவுதான். "நம்மளைக் கோழைன்னு நினைச்சிடுவாங்களோ" என்ற கூச்சம் இந்த நேரத்தில் கூடாது. அங்கிருந்து 112 என்ற எண்ணுக்கோ வீட்டுக்கோ பேசிவிட்டு, துணைக்கு ஆள் வந்த பிறகு புறப்படலாம்.

நடந்து போகும்போது எவனாவது முகவரி கேட்டோ தீப்பெட்டி கேட்டோ நெருங்கினால், நின்று பேசாமல் இரண்டு கை தூர இடைவெளி விட்டு நடந்துகொண்டே பதில் சொல்லலாம். ஒருவன் முன்னால் பேச்சுக் கொடுக்கும்போது இன்னொருவன் பின்னால் வருகிறானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். "யாருப்பா நீ? தள்ளி நில்லு!" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்வது பல நேரங்களில் காரியத்தை அங்கேயே முடித்துவிடும். பறிக்க வருபவனுக்கு வேண்டியது அமைதியும் அவகாசமும். சத்தம் அந்த இரண்டையும் கெடுக்கிறது.

கத்தியைக் காட்டிய பிறகு

ஆயுதம் வெளியே வந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. இந்த இடத்தில் எந்த உறுப்பினரும் இரண்டாவது யோசனை செய்ய வேண்டாம். பையைக் கொடுத்துவிட வேண்டும்.

கொடுப்பதிலும் முறை உண்டு. கைகளை அவன் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, "தர்றேன், எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, பையைப் பக்கவாட்டில் சிறிது தூரத்தில் போட வேண்டும். அவன் பையை எடுக்கப் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நாம் விலகிவிடலாம். திடீரென்று மடிக்குள்ளோ பைக்குள்ளோ கையை விடக் கூடாது. ஆயுதம் எடுக்கிறோம் என்று அவன் எண்ணிக்கொள்வான். "உன்னைத் தெரியும்டா, நீ இன்னார் மகன்தானே" என்ற வார்த்தை மட்டும் வாயிலிருந்து வரவே கூடாது. அடையாளம் தெரிந்துவிட்டது என்ற பயம், பணத்துக்கு வந்தவனைக் கொலைகாரனாக்கிவிடும். அவன் முகத்தை முறைத்துப் பார்க்காமல், உயரம், உடுப்பு, தழும்பு, பேச்சு வழக்கு, வண்டியின் நிறம், போன திசை ஆகியவற்றை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஓடும் வண்டியில் பையைப் பறித்தால், பையின் வார் கழுத்திலோ கையிலோ சுற்றியிருக்கக் கூடாது. பை போனால் பைதான் போகும். வார் சிக்கினால் ஆளும் சேர்ந்து ரோட்டில் இழுபடுவார். சங்கிலியை எட்டிப் பிடிக்கப் போய் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்களைப் பற்றிய செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

மிளகாய்ப் பொடி கண்ணில் பட்டால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவது நல்லது. கண் தெரியாமல் ஓடி லாரிக்கு முன்னால் போய் விழக் கூடாது. உரக்கக் கூப்பிட வேண்டும். தண்ணீர் கிடைத்ததும் குறைந்தது 15 நிமிடம் கண்ணைத் திறந்து மூடிக் கழுவி, எரிச்சல் அடங்காவிட்டால் கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அப்படியானால் எதிர்த்து நிற்க வேண்டிய நேரமே கிடையாதா என்று கேட்கலாம். உண்டு. பையைக் கொடுத்த பிறகும் வெட்ட வருகிறான் என்றாலோ, நம்மை வண்டியில் ஏற்றியோ ஒதுக்குப்புறத்துக்கு இழுத்தோ கொண்டுபோகப் பார்க்கிறான் என்றாலோ, பணம் மட்டும் அவனுக்குப் போதவில்லை என்று பொருள். அப்போது முழுப் பலத்தோடு எதிர்க்கலாம்; எதிர்க்கவும் வேண்டும். கையில் கிடைக்கும் குடை, ஹெல்மெட், டிபன் கேரியர், மண் எதுவானாலும் சரி. ஆனால் அடிப்பதன் நோக்கம் ஜெயிப்பதன்று. விலகி ஓட ஒரு நொடி இடைவெளி பெறுவது. இடைவெளி கிடைத்ததும் ஓடிவிட வேண்டும்.

இடுப்பில் ஒரு கத்தியைச் செருகிக்கொண்டு வசூலுக்குப் போகலாமே என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். பழக்கமில்லாதவர் கையிலுள்ள கத்தி பெரும்பாலும் எதிரியின் கைக்குப் போய்விடுகிறது. துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மிளகு ஸ்பிரே கடைகளில் கிடைக்கிறது. தூரத்தில் நிறுத்த அது உதவலாம். ஆனால் அதுவும் விளையாட்டுப் பொருளன்று. 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு தகராறு வழக்கில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் மிளகு ஸ்பிரே அடித்ததைத் தற்காப்பு என்று ஏற்க மறுத்து, வழக்கை ரத்து செய்ய முடியாது என்று கூறிவிட்டது.

சட்டம் தரும் உரிமையும் அதன் எல்லையும்

தற்காப்பு என்பது சட்டம் கருணையோடு மன்னிக்கும் குற்றமன்று. அது குற்றமே அன்று. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இதைச் சொல்லிவந்தன. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே விதிகள் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளன. தம் உடம்பை மட்டுமல்லாமல் பிறர் உடம்பையும், தம் பொருளையும் பிறர் பொருளையும் காக்க ஒருவருக்கு உரிமை உண்டு. பக்கத்துக் கடைக்காரரை ஒருவன் வெட்ட வரும்போது நாம் தடுப்பதும் இதில் அடங்கும்.

வணிகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை நான்கு.

ஒன்று, உரிமை எப்போது தொடங்குகிறது? முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆபத்து வருகிறது என்று நியாயமான அச்சம் ஏற்பட்ட உடனேயே தொடங்கிவிடுகிறது. தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. திடீரென்று தாக்கப்படுகிறவர் தராசில் நிறுத்துப் பார்த்து அளவாகத் திருப்பி அடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதும் அத்தீர்ப்பின் சாரங்களில் ஒன்று.

இரண்டு, எவ்வளவு? காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. காவல் துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது என்பதும் அதே பிரிவில் உள்ளது. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்குகிறவன் இறந்துபோகும் அளவுக்கும் உரிமை நீளும் என்கிறது 38ஆம் பிரிவு. பொருளைப் பொறுத்தவரை, கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் கட்டடத்தை உடைத்து நுழைதல் போன்ற சில கடுமையான குற்றங்களில் மட்டுமே அந்த அளவு உரிமை உண்டு என்கிறது 41ஆம் பிரிவு. கத்தி காட்டிப் பறிப்பது கொள்ளை. கல்லாவிலிருந்து ஒருவன் நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு ஓடுவது வெறும் திருட்டு. இரண்டுக்கும் ஒரே பதில் கொடுக்க முடியாது.

மூன்று, எப்போது முடிகிறது? இதில்தான் நம்மவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆபத்து முடிந்த அந்த நொடியில் உயிர்த் தற்காப்பு உரிமையும் முடிந்துவிடுகிறது. கொள்ளையைப் பொறுத்தவரை, உடனடித் தாக்குதலோ அதைப் பற்றிய அச்சமோ நீடிக்கும்வரைதான் பொருளைக் காக்கும் உரிமை நீடிக்கும் என்று 43ஆம் பிரிவு கூறுகிறது. ஜெய் தேவ் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில், எதிராளிகள் ஓடத் தொடங்கிய பிறகு அவர்களைச் சுட்டது தற்காப்பாகாது என்று 1960களின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கத்தியோடு நிற்பவனை அடிப்பது தற்காப்பு. கத்தி கீழே விழுந்து, ஆளும் கீழே விழுந்த பிறகு அடிப்பது தாக்குதல். அந்த நொடியில் வாதி பிரதிவாதி ஆகிவிடுகிறார்.

நான்கு, பறித்தவனுக்கு என்ன தண்டனை? புதிய சட்டத்தில் பறிப்பு தனிக் குற்றமாக 304ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டு, 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் வைக்கப்பட்டுள்ளது. கொள்ளைக்கு 309ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை கடுங்காவல். சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்தால் 14 ஆண்டு வரை. கொள்ளையின்போது கொலைக்கருவியைப் பயன்படுத்தியிருந்தால் 7 ஆண்டுக்குக் குறையாத தண்டனை. தண்டிக்கும் வேலையைச் சட்டம் இவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அதை நம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.

பிடிபட்டவனை என்ன செய்வது?

பஜாரில் ஒருவன் பிடிபட்டால் கூட்டம் கூடிவிடுகிறது. மின்கம்பத்தில் கட்டிவைத்து ஆளுக்கு ஓர் அடி கொடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆளுக்கு ஓர் அடி என்பது ஐம்பது பேர் கூடினால் ஐம்பது அடி. அவன் இறந்துபோனால் அது கொலை வழக்கு. கூட்டத்தில் பாதிப் பேர் யாரென்றே தெரியாது. கடை வைத்திருப்பவரின் பெயரும் விலாசமும்தான் எல்லோருக்கும் தெரியும். அவரைத்தான் முதலில் தேடி வருவார்கள்.

ஜாமீனில் விட முடியாத, காவல் துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக் கூடிய குற்றத்தைத் தம் கண்ணெதிரே செய்தவனைப் பொதுமக்களில் யாரும் பிடித்துவைக்கலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் தாமதமின்றி, எப்படியும் 6 மணி நேரத்துக்குள், காவலரிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஆகவே பிடித்தால் உட்கார வைக்க வேண்டும், 112க்குச் சொல்ல வேண்டும், யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சங்க நிர்வாகிகள் அந்த இடத்தில் இருந்தால் இதை முன்னின்று செய்வது அவர்கள் கடமை.

பறிகொடுத்த பிறகு

முதலில் காயத்துக்கு மருத்துவம். அரசு மருத்துவமனையில் காயம் எப்படி ஏற்பட்டது என்று உள்ளபடி சொல்லிப் பதிய வைக்க வேண்டும். அந்தப் பதிவு பின்னால் வழக்குக்கும் காப்பீட்டுக்கும் ஆதாரம்.

அடுத்து 112க்கு அழைப்பு. புகாரைச் சம்பவம் நடந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை. நிலையத்தில் பதிய மறுத்தால் எழுத்து மூலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம்; அதிலும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

புகாரில் தொகையை உள்ளபடி எழுத வேண்டும். கூட்டிச் சொன்னாலும் வரிக்குப் பயந்து குறைத்துச் சொன்னாலும் சிட்டையோடு ஒத்துவராமல் வழக்கே பலவீனப்படும். பையில் காசோலைகள் இருந்தால் உடனே பாங்குக்குச் சொல்லிப் பணம் தராமல் நிறுத்த வேண்டும். செல்போன் போயிருந்தால் சிம் அட்டையையும் அதோடு இணைந்த யுபிஐ கணக்கையும் முடக்க வேண்டும். வழியிலுள்ள கடைகளின் கேமராப் பதிவுகளை அன்றைக்கே கேட்டு எடுத்துவைக்கச் சொல்வது முக்கியம். சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

கடைக்கு எடுக்கும் காப்பீட்டில் எடுத்துச் செல்லும் ரொக்கத்துக்கும் பாதுகாப்பு சேர்க்க முடியும். பல உறுப்பினர்கள் தீ விபத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பாலிசியைப் புதுப்பிக்கும்போது, வழியில் பறிபோகும் பணம் அடங்குமா, எவ்வளவு வரை, ஊழியர் கொண்டுபோனாலும் அடங்குமா, எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முன்கூட்டியே செய்யக் கூடியவை

கொண்டுபோகும் ரொக்கம் குறைந்தால் ஆபத்தும் குறையும். 2016க்குப் பிறகு யுபிஐ பரவியதால் சில்லறைக் கடைகளின் தொகையில் ஒரு பகுதியாவது நேராகக் கணக்குக்கு வருகிறது. ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரி விதியும் 2017 முதல் இருக்கிறது. மிச்சமுள்ள ரொக்கத்தையும் கடைசிவரை சுமக்காமல், வழியிலுள்ள பாங்கில் பாதி வசூலிலேயே கட்டிவிடலாம்.

வசூல் நாளையும் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். இருட்டுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். தொகை பெரிதானால் இருவர் போக வேண்டும். பளபளப்பான தோல் பை வேண்டாம். நம் தாத்தாக்கள் மஞ்சள் பையில் பணத்தை வைத்து மேலே வெற்றிலைக் கட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தது காரணத்தோடுதான். டீக்கடையில் உட்கார்ந்து "இன்னைக்கு நல்ல வசூல்" என்று செல்போனில் பேசுவதை விட்டுவிட வேண்டும். தொகை, சிட்டை விவரங்களின் நகல் ஒன்று கடையில் இருக்க வேண்டும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டுபோனால் பறக்கும் படையினர் பறிமுதல் செய்வார்கள் என்பதால், அதே சிட்டை அப்போதும் கைகொடுக்கும்.

கடைவீதியில் காவல் துறையினர் 'மூன்றாவது கண்' என்று சொல்லும் கேமராக்களைத் தெருவைப் பார்த்தபடி வைப்பதும், எரியாத தெருவிளக்கைப் பற்றி விடாமல் மனுக் கொடுப்பதும் தனி ஆளாகச் செய்வதைவிடச் சங்கமாகச் செய்தால் விரைவில் நடக்கும். இரவு கடை அடைக்கும்போது ஒரு வரிசைக் கடைக்காரர்கள் ஒரே நேரத்தில் ஷட்டரை இறக்கிச் சேர்ந்து புறப்படுவது பைசா செலவில்லாத பாதுகாப்பு.

கடைசியாக ஒரு விதி

இவ்வளவையும் ஊழியரிடம் சொல்லிவிட்டு, "பணம் போனால் உன் பொறுப்பு" என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்தால் எல்லாம் வீண். கத்திக்கு முன்னால் நிற்கும் பையனின் மனத்தில் அந்த வாக்கியம்தான் ஓடும்.

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. ஊழியர் கணக்குச் சொல்ல வேண்டிய பணம் குறைந்தால், அது அவருடைய அசட்டையாலோ தவறாலோ நேரடியாக ஏற்பட்டிருந்தால்தான், அதுவும் அவர் தரப்பைக் கேட்ட பிறகுதான், சம்பளத்தில் பிடிக்கலாம் என்று 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் கூறியது. நாடாளுமன்றம் 2019இல் இயற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதே நிபந்தனையை வைத்திருக்கிறது. கத்தி முனையில் பறிகொடுத்தது அசட்டையாகாது. வேலையின் காரணமாக, வேலையின் போது ஏற்படும் காயத்துக்கு முதலாளி நஷ்ட ஈடு தர வேண்டும் என்பதோ 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் முதலே உள்ள கொள்கை. 46,000 ரூபாயைக் காப்பாற்றப் போய் ஓர் ஊழியர் உயிரை விட்டால், சட்டத்துக்கும் அவர் வீட்டாருக்கும் நாம் என்ன கணக்குக் காட்டுவது?

'ஊழியரே பங்காளியாக இருந்தால்?' என்று ஒரு கேள்வி எழும். இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கக் காவல் துறை இருக்கிறது. சிட்டையும் கேமராவும் செல்போன் விவரமும் உண்மையைச் சொல்லும். நூற்றில் ஒருவர் ஏமாற்றுவார் என்பதற்காக மற்றவர்களைக் கத்திக்கு முன்னால் நிறுத்தக் கூடாது.

எங்கள் கடையில் அந்தக் கார்த்திகைக்குப் பிறகு ஒரு விதி வைத்தோம். பழைய 1,500 ரூபாயையும் அந்தத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தோம். புதிதாக வசூலுக்குப் போகும் எவரிடமும் பையைக் கொடுக்கும்போது, மற்ற ஊழியர்களும் கேட்கும்படி நாங்கள் சொல்வது இதுதான்: "ஆயுதத்தைக் காட்டினா பையைப் போட்டுட்டு வந்துடு. சம்பளத்துல ஒத்தைப் பைசா பிடிக்க மாட்டோம். நீ வந்தாப் போதும்."

2014இல் ஒரு முறை அப்படியே நடந்தது. 31,000 ரூபாய் போயிற்று. பையன் முகம் வெளிறி வந்து நின்றான். அந்தத் தம்பிதான், மடங்காத சுண்டு விரலோடு அவன் தோளைப் பிடித்து, "எங்கேயும் அடிபட்டுச்சா?" என்று முதலில் கேட்டார். உறுப்பினர்கள் ஒவ்வொருவர் கடையிலும் முதல் கேள்வி அதுவாகவே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.